ஊரிகம் மூன்றாவது லைன் மகோகனி மரத்தைக் காயப்படுத்தியவர் யார்

அனுப்புநர்
சூ. மரியகுழந்தை (வயது 66),
முன்னாள் டிம்பர்மேன், நந்திதுர்க் சுரங்கம்,
கதவு எண் 6, மூன்றாவது லைன்,
ஊரிகம், கோலார் தங்கவயல்.

பெறுநர்
உயர்திரு வனச்சரக அலுவலர் அவர்கள்,
கோலார் தங்கவயல்.

பொருள்: ஊரிகம் மூன்றாவது லைனில் உள்ள ஆப்பிரிக்க மகோகனி மரத்துக்கு நஞ்சு வைத்ததாக, கதவு எண் 7இல் வசிக்கும் திரு. டென்சில் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல், உண்மையில் அந்த மரத்தைக் காயப்படுத்தியவர் பெயரைத் தெரிவித்தல், மரத்தை உடனே வெட்ட ஆணை வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார் மனு, நாள் 03.02.2025.
2. விசாரணை முடியும்வரை மரத்தை யாரும் தொடக்கூடாது என்ற தங்கள் ஆணை, நாள் 17.02.2025.
3. தல ஆய்வு, நாள் 16.04.2025, புதன்கிழமை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கன்னடம் எனக்குப் பேச வரும், எழுத வராது. ஆகவே தமிழில் எழுதி, என் மருமகள் மமதாவைக் கொண்டு கன்னடத்தில் பெயர்த்து இணைத்திருக்கிறேன். மமதாவுக்கு என்மேல் பாசம் அதிகம். பெயர்க்கும்போது என் குற்றத்தைக் கொஞ்சம் இளக்கி எழுதியிருக்கக்கூடும். இரண்டுக்கும் வித்தியாசம் தென்பட்டால், தமிழில் உள்ளதையே தாங்கள் உண்மையாகக் கொள்ள வேண்டும்.

ஆய்வு நடந்து ஐந்து நாளாகிறது. அன்றிலிருந்து இதை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. நான் 1979 முதல், 2001இல் சுரங்கம் மூடப்படும்வரை டிம்பர்மேனாக வேலை பார்த்தவன். பூமிக்கு அடியில் கூரை சரியாமல் இருக்க மர முட்டு கொடுப்பது டிம்பர்மேன் வேலை. கேஜ் என்ற கம்பிக் கூண்டில் இறங்கி எங்கள் லெவலுக்கு, அதாவது சுரங்கத் தளத்துக்குப் போனதும், மற்றவர்கள் உள்ளே கால் வைப்பதற்கு முன்பு நாங்கள் போய் ஒவ்வொரு முட்டுக்கட்டையையும் சுத்தியலின் பின்பக்கத்தால் மூன்று முறை தட்டிப் பார்ப்போம். இடது கையை மரத்தின்மேல் வைத்து, நெஞ்சு உயரத்தில் தட்ட வேண்டும். நல்ல மரம் கணீரென்று பேசும். உள்ளே உளுத்த மரம் பொத்தென்று பேசும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் ஒரு ஷிப்ட் ஆட்கள் முழுக்க உள்ளே போவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் முட்டு கொடுத்த இடத்தில் ஒருவர் தலையிலும் ஒரு கல் விழுந்ததில்லை. பெருமைக்காக எழுதவில்லை. பின்னால் சொல்லப்போவதற்கு இது தேவைப்படுகிறது.

2. சுரங்கம் மூடிய பிறகு பூதிகோட்டையில் மஞ்சுநாத் என்பவரின் தோட்டத்தில் வேலைக்குப் போனேன். அவர் இருநூறு ஆப்பிரிக்க மகோகனி வைத்தார். மழை அதிகமில்லாத ஊரிலும் பிழைக்கும், வேகமாக ஏறும், முற்றினால் செக்கச் செவேலென்று உள்மரம் வைக்கும் என்றார். 2012 ஜூன் மாதம் மிச்சமான ஒரு கன்றை எனக்குக் கொடுத்தார். ஒரு முழம்கூட இல்லை. சுரங்கத்தில் நான் தொட்டதெல்லாம் செத்த மரம். உயிருள்ள மரம் ஒன்றை என் கையால் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

3. என் வீட்டுக்கும் ஏழாம் எண் வீட்டுக்கும் பின்னால் உள்ள சந்தில் அதை நட்டேன். அந்த இடம் முழுவதும் சுரங்கத்திலிருந்து வந்த கல்லும் சரளையும். மூன்றடி ஆழம், மூன்றடி அகலம் தோண்ட ஒன்பது நாள் ஆயிற்று. பூதிகோட்டைச் செம்மண்ணும் மக்கிய சாணமும் போட்டு நிரப்பினேன். குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். அரிசி களைந்த தண்ணீர், குளித்த தண்ணீர், ஒன்றையும் வீணாக்கவில்லை. காற்றடிக்கும் காலத்தில் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பறந்து வந்து இலையில் படியும். ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்துவிட்டேன். எங்கள் லைன் வீடுகளில் இருப்பவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் வருடம் குருத்துப் புழு விழுந்து நுனி கருகியது. சைக்கிள் ஸ்போக் கம்பியை வளைத்து உள்ளே விட்டுப் புழுவை வெளியே இழுத்தேன். கருகிய நுனிக்குக் கீழே மூன்று குருத்து கிளம்பியது. இரண்டைக் கிள்ளிவிட்டு ஒன்றை மட்டும் பழைய வேட்டிக் கிழிசலால் குச்சியோடு கட்டி நிமிர்த்தினேன். அந்த ஒன்றுதான் இன்று நாற்பதடி மரம். தை மாதத்தில் மட்டும் பக்கக் கிளை கழிப்பேன். கழித்த வாயில் சாணம் பூசுவேன். கொழுந்து விடும்போது செம்பு நிறத்தில் இருக்கும். அதைப் பார்க்க விடியும்போதே எழுந்துவிடுவேன்.

அடிமரம் என் மணிக்கட்டு அளவுக்கு ஆனதும், 2015 வாக்கில், தினம் காலையில் அதைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். இடது கையை வைத்து, நெஞ்சு உயரத்தில், மூன்று தட்டு. அது எனக்குக் காலை செபம் மாதிரி. ஒரு நாள் விட்டதில்லை. என் மனைவி பாக்கியவதி மட்டும், “இன்னாத்துக்குங்க அதப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்க, பூசைக்கு மணி அடிக்கிற மாதிரி” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

4. சென்ற வருடம் மழைக்காலத்தில், நெஞ்சு உயரத்தில் பட்டை கறுத்து, கறுப்பாக நீர் வடியத் தொடங்கியது. கார்த்திகையில் ஒரு பக்கத்து இலை பழுத்துக் கொட்டியது. மரம் ஏழாம் எண் வீட்டுப் பக்கமாக லேசாகச் சாய்ந்தது. அந்த வீட்டில் டென்சில், அவர் மனைவி நிக்கோல், நான்கு வயதுப் பெண் குழந்தை ஆகிய மூவர் இருக்கிறார்கள். டென்சில் தினமும் விடியற்காலை மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். அவர் மூன்று முறை என்னிடம் வந்தார். “அங்கிள், மரம் எங்க பக்கமா வருது. மேல நாலு கிளையாவது எறக்கிடலாம். பாப்பா அங்கதான் படுக்குறா” என்று உரக்கவே சொன்னார். நான் வளர்த்த மரத்தைக் கழிக்கச் சொல்ல இவர் யார் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது, டென்சில் கையில் ஒரு வாளியுடன் மரத்தடியில் நின்றார். வடிகிற இடத்தைச் சுற்றி நீலமும் வெள்ளையுமாக ஏதோ பூசியிருந்தது. எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. பார்வை 1இல் கண்ட மனுவை எழுதினேன். அதில் அவரை “குழந்தையைப் போன்ற மரத்துக்கு நஞ்சூட்டிய பாதகர்” என்று குறிப்பிட்டிருக்கிறேன். தாங்கள் படித்திருப்பீர்கள்.

5. அதன் விளைவு தாங்கள் அறிந்ததே. டென்சிலுக்கு நோட்டீஸ் வந்தது. நான்கு முறை வேலைக்கு விடுப்பு எடுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மரம் சான்றுப் பொருள் என்பதால் யாரும் தொடக்கூடாது என்று ஆணையாயிற்று. லைனில் நான் வாய் ஓயாமல் பேசியதால், அவர்கள் வீட்டோடு எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். குழாயடியில் நிக்கோல் குடத்தை வைத்தால் பக்கத்தில் நிற்பவர்கள் தள்ளிப் போனார்கள். நான் அதை வாசலில் நின்று பார்த்தேன். நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதை எழுதவே கூசுகிறது.

6. கடந்த புதன்கிழமை தங்கள் அலுவலகத்திலிருந்து லதா அம்மா ஆய்வுக்கு வந்தார்கள். மூன்றாவது லைன் முழுவதும் சந்தில் கூடியது. டென்சிலும் விடுப்பு எடுத்து நின்றார். அம்மா மரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தட்டிப் பார்க்க ஏதாவது கிடைக்குமா என்று சைகையோடு கேட்டார்கள். நான் உள்ளே ஓடி என் சுத்தியலை எடுத்து, துண்டால் துடைத்துக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடம் என் கையில் இருந்த சுத்தியல் என்பதை அவர்களிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு.

அம்மா காயத்துக்கு ஒரு சாண் மேலே மூன்று முறை தட்டினார்கள்.

ஐயா, அந்தச் சந்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். எல்லாரும் சுரங்கக் குடும்பம். என்ன சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள். நிக்கோல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒண்டினார். நான் மட்டும் மரத்தடியிலேயே சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

முன்பு கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் ஓட்டிய வால்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு வாய் வைத்துக் கத்தினார்: “வா மச்சான் இப்டி. உள்ள ஒண்ணுமே இல்ல.”

பிறகு லதா அம்மா சுத்தியலைத் திருப்பி, அதன் பின்பக்கத்தை மரத்தின் காயத்தில் வைத்தார்கள். பெட்டிக்கு மூடி போட்டதுபோலப் பொருந்தியது. என் சுத்தியலின் அந்தப் பின்பக்கத்தில் ஒரு மூலை உடைந்திருக்கும். 1994இல் உடைந்தது. பட்டையில் பதிந்திருந்த தழும்புகளிலும் அதே மூலை இல்லை. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். சுத்தியலை என் கையில் கொடுத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள்: “நீங்களே எழுதிக் கொடுங்க சார். நான் எழுதினா நல்லா இருக்காது.”

7. ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். அந்த மரத்தைக் காயப்படுத்தியவன் மரியகுழந்தை ஆகிய நான். வேறு எவரும் இல்லை.

டிரில் சத்தத்திலும் வெடிச் சத்தத்திலும் வேலை பார்த்தவனுக்குக் காது நிற்பதில்லை. எனக்குப் பத்து வருடமாகவே குறைந்துகொண்டு வந்திருக்கிறது. சத்தத்தைக் கேட்டுச் சொல்வதுதான் டிம்பர்மேன் வேலை. காது போய்விட்டது என்று ஒப்புக்கொண்டால் நான் யார் என்று பயந்து, மனைவியிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை. காலையில் மரத்தைத் தட்டுவேன். சரியாகக் கேட்காது. கொஞ்சம் பலமாகத் தட்டுவேன். அடுத்த வருடம் இன்னும் பலமாக. கடைசியில் பாக்கியவதி சொன்னது போல, அது தட்டு இல்லை, அடிதான். பத்து வருடத்தில் ஒரே இடத்தில் பதினோராயிரம் அடி விழுந்திருக்கிறது. முட்டு செத்த மரம், தாங்கும். இது உயிரோடு இருந்தது. பட்டை நசுங்கி, ஆற விடாமல் நசுங்கி, அந்த வழியாக அழுகல் உள்ளே இறங்கி நடுமரத்தைத் தின்றுவிட்டது என்று லதா அம்மா விளக்கினார்கள். மரம் பொள்ளலாகப் பொள்ளலாகச் சத்தம் இன்னும் மங்கியிருக்கும். நான் இன்னும் ஓங்கி அடித்திருக்கிறேன்.

நன்றாக இருக்கிறாயா என்று தினமும் கேட்டுக் கேட்டே அதைக் கொன்றிருக்கிறேன் ஐயா.

8. டென்சில் பூசிய நீலமும் வெள்ளையும் நஞ்சு அல்ல. சுண்ணாம்பும் மயில்துத்தமும் குழைத்த மருந்து, அழுகலைத் தடுக்கப் பூசுவது. பெங்களூரில் விசாரித்து வாங்கி வந்திருக்கிறார். பூசுவதற்கு முந்தின நாள் என் வாசலுக்கு வந்து என்னிடம் அனுமதி கேட்டதாகவும், நான் தலையாட்டியதாகவும் விசாரணையில் கூறியிருக்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் தங்கள் முன்னிலையிலேயே சத்தியம் செய்தேன். அவர் கூறியது உண்மை. வந்தார். வாய் அசைந்தது. கேட்காததைக் கேட்டதுபோலத் தலையாட்டுவது என் பழக்கம். என் மரத்தைப் பிழைக்க வைக்கப் பார்த்த ஒரே ஆள்மேல்தான் நான் புகார் கொடுத்திருக்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். நிக்கோல் காப்பி கொடுத்தார். அவர்கள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பெரிய வியாழனன்று கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆனால் அங்கே சொன்னது சாமியாரோடு நின்றுவிடும், தங்கள் கோப்பில் ஏறாது. டென்சில் பெயர் தங்கள் கோப்பில்தான் இருக்கிறது.

9. இப்போதைய ஆபத்தைத் தெரிவிக்கிறேன். எங்கள் லைனில் எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே உத்தரம். மரம் விழுந்தால் முதலில் ஏழாம் எண் வீட்டுக் குழந்தை படுக்கும் அறைமேல் விழும், அந்த இழுப்பில் மற்ற கூரையும் வரும். குழந்தையை முன்னறைக்கு மாற்றியிருக்கிறார்கள். முன்னறையும் அதே உத்தரத்தின் கீழ்தான், என் வீடும் அப்படியே. கோடை மழைக்கு முந்தின காற்று ஆரம்பித்துவிட்டது. வெட்டலாம் என்றால், தொடக்கூடாது என்ற ஆணை நிற்கிறது. அந்த ஆணையை வாங்கியது என் மனு.

இன்னொரு குற்றத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கள் ஆணையை மீறி வெள்ளிக்கிழமை மரத்துக்கு மூன்று முட்டு கொடுத்திருக்கிறேன். பழைய ரயில் கட்டையை அறுத்து, ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறது. வேலை சுத்தமாக இருக்கிறது. முட்டு நிறுத்த இரண்டு ஆள் வேண்டும். மறுமுனையைப் பிடித்தவர் டென்சில். பிடிக்கச் சொன்னவன் நான். இதற்காக அவர்மேல் புதிதாக ஒரு நோட்டீஸ் போய்விட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

என் கையில் இனிச் சுத்தியல் கிடையாது. காலையில் டென்சில் ரயிலுக்குப் போகும் முன் மூன்று முட்டுகளையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்கிறார். நன்றாக இருந்தால் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறார். எந்தச் சத்தம் எதற்கு என்று இரண்டு நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவருக்குக் காது நன்றாக இருக்கிறது.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

(அ) திரு. டென்சில் மீதான விசாரணையை முடித்து, அவர் குற்றமற்றவர் என்று எழுத்தில் தர வேண்டும். அதை லைனில் எட்டு வீட்டுக்கும் நானே படித்துக் காட்டுவேன்.

(ஆ) அவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதி, பொய்ப் புகாருக்கும் மரத்தை அழித்ததற்கும் சட்டம் என்ன சொல்கிறதோ அதை என்மேல் செய்ய வேண்டும். வயதைப் பார்க்க வேண்டியதில்லை.

(இ) எல்லாவற்றுக்கும் முதலாக, வரும் சனிக்கிழமைக்குள் மரத்தை மேலிருந்து துண்டு துண்டாக இறக்க ஆணையிட வேண்டும். என் மரம்தான், நான்தான் கேட்கிறேன். வெட்டுங்கள்.

என் கூரையின் கீழ் இதுவரை யாருக்கும் எதுவும் ஆனதில்லை. அது அப்படியே இருக்கத் தாங்கள் மனம் வைக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

இடம்: ஊரிகம்
நாள்: 21.04.2025, திங்கட்கிழமை

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சூ. மரியகுழந்தை (ஒப்பம்)

இணைப்பு: 1. கன்னட மொழிபெயர்ப்பு.
2. சுத்தியல், ஒன்று. திருப்பித் தர வேண்டியதில்லை.

பின்குறிப்பு: மேற்கண்டது நேற்றிரவு எழுதி முடித்தது, தேதி மட்டும் இன்றையது. இன்று காலை டென்சில் முதல் முட்டைத் தட்டிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினார். இரண்டாவதற்கும் காட்டினார். மூன்றாவதைத் தட்டினார், மறுபடியும் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், கட்டைவிரலைக் காட்டவில்லை. பிறகு ரயிலுக்குப் போகாமல் பையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். லைனில் எட்டு வீட்டு ஆட்களும் இப்போது வெளியே ரோட்டில் நிற்கிறோம். இந்த மனுவை அவரேதான் கொண்டுவருகிறார். மேலே சனிக்கிழமை என்று எழுதியிருப்பதை இன்று என்று படிக்கவும்.